ஏத்தம் நமக்குத் தெரியும், தாகம் தெரியாது

வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல பாலைவனத்துல நடக்குற லோங் டிஸ்டன்ஸ் சைக்கிள் ரேஸ் பத்தி சும்மா அரைப் பக்கம் எழுதினேன். அதுல நானும் ஒரு தடவ மொராக்கோ போய் ஓடி, முடிக்காம திரும்பி வந்தவன்னு தெரியாத்தனமா ஒரு வரி போட்டுட்டேன், அந்த ஒரு வரியப் புடிச்சுக்கிட்டு கடிதமும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. வழக்கமா இந்தப் பக்கத்துக்கு பிரேக் கேபிள், செயின் சத்தம், பழைய சைக்கிள என்ன விலைக்கு வாங்கலாம், இப்படித்தான் கேள்வி வரும். இந்த மாசம் எல்லாமே மணல்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, எனக்கு 24 வயசு, தோட்டத்துலதான் இருக்கேன், மவுண்டன் பைக் ஒண்ணு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா நுவரெலியா போய்ட்டு வந்துருவேன், ஏத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல. அட்லஸ் மவுண்டன் ரேஸ் நான் ஓட ஏலுமா?
– ஒரு தம்பி, நோர்வூட்

பதில்: ஏலும் தம்பி. ஆனா எதுக்குள்ள போறோம்னு மொதல்ல தெரிஞ்சுக்க. அந்த ரேஸ் 2020 பெப்ரவரியிலதான் ஆரம்பிச்சது, மொராக்கோவுல மராகேஷ்ல இருந்து அகாதிர் வரைக்கும் 1,145 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் 20,000 மீட்டர். பெறகு வழிய மாத்தி நீட்டிட்டாங்க, இப்ப 1,300 கிட்ட வருது. நம்ம நாடு பருத்தித்துறையில இருந்து தெவுந்தரமுனை வரைக்கும் மொத்தமே 430 கிலோமீட்டர் சொச்சம்தான். ஏத்தத்துக்குக் கணக்கு வேணும்னா வெல்லவாயவுல இருந்து நுவரெலியா டவுன் வரைக்கும் ஏறு, எறங்கு, திரும்ப ஏறு, இப்படி 12 தடவ. அதுவும் தார் ரோட்டுல இல்ல, கல்லு ரோட்டுல.

மொத வருசம் ஜெயிச்ச பிரெஞ்சுக்காரர் சோஃபியான் செஹிலி 4 நாளுக்குக் கொஞ்சம் குறைவா முடிச்சாரு, அவரு வேற ஜாதி மனுசன், அவரப் பாத்து நாம பிளான் போடக் கூடாது. நமக்கெல்லாம் எட்டு நாள் கணக்குதான், எட்டு நாள்னாலும் ஒரு நாளைக்கு 140 கிலோமீட்டருக்கு மேல வருது, இந்த மாதிரி ரேஸ்ல கடியாரம் ஒரு தடவ ஓட ஆரம்பிச்சா நீ தூங்கினாலும் சாப்பிட்டாலும் பஞ்சர் ஒட்டினாலும் அது நிக்காது. பின்னால வேன் வராது, தண்ணி குடுக்க ஆள் வராது, உன் கூட்டாளி வழியில நின்னு ரொட்டி குடுத்தாக்கூட ரூல்ஸ் மீறினதாதான் எடுப்பாங்க. கடையில வாங்கலாம், ஹொட்டல்ல படுக்கலாம், ஏன்னா அது எல்லாருக்கும் பொது. உனக்குன்னு மட்டும் ஒருத்தர் செஞ்சு குடுக்கக் கூடாது, அடுத்தவன் பின்னால ஒட்டிக்கிட்டு காத்த மறைச்சு ஓட்டவும் கூடாது. வேணும்னா ஜோடியா பதிஞ்சு ரெண்டு பேரா ஓடலாம், அவங்களுக்கு மட்டும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை செய்ய இடம் உண்டு.

நீ ஏத்தம் பொருட்டில்லன்னு எழுதியிருக்க பாரு, அத நான் நம்புறேன். நம்ம புள்ளைங்களுக்கு ஏத்தம் எங்கயும் பிரச்சினையா இருக்காது, சின்ன வயசுல இருந்து ஸ்கூலுக்கே மலையேறித்தான் போறோம். நம்ம கிட்ட இல்லாதது வேற ஒண்ணு, அத அடுத்த கேள்வியில சொல்றேன், தாண்டிராம படி.

கேள்வி: என் தம்பி ஓமான்ல வேலை செய்றான், அங்க ஒரு கூட்டத்தோட சேந்து வெள்ளிக்கிழமைல பாலைவனத்துப் பக்கம் சைக்கிள் ஓட்டுறானாம், அடுத்து ரேஸுக்கும் போகப் போறேங்கிறான். ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் தண்ணி வேணும்? நிறையக் குடிச்சா போதுமா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, எத்தனை போத்தல்னு கேட்டீங்க பாருங்க, நாம எல்லாரும் அப்படித்தான் கேப்போம், ஏன்னா நம்ம ஊர்ல தண்ணி ஒரு கணக்கே இல்ல. தோட்டத்து ரோட்டுல எந்த மொடக்குல திரும்பினாலும் ஒரு பீலி ஊத்திக்கிட்டு இருக்கும், குனிஞ்சு ரெண்டு கை அள்ளிக் குடிச்சுட்டு போய்க்கிட்டே இருப்போம். நான் 30 வயசு வரைக்கும் சைக்கிள்ல ஒரு போத்தலுக்கு மேல கொண்டு போனதே இல்ல. மஸ்கட்ல வேலைக்குப் போன பெறகுதான் தண்ணின்னா என்னன்னு ஒழுங்கா புரிஞ்சது.

பாலைவனத்துல தண்ணிய கிலோமீட்டர்ல கணக்குப் போடாதீங்க, மணித்தியாலத்துல போடுங்க. அடுத்த தண்ணிக்கு 60 கிலோமீட்டர்னா தார் ரோட்டுல அது மூணு மணித்தியாலம், மணல்ல தள்ளிக்கிட்டுப் போனா ஒம்பது மணித்தியாலம். கடும் வெயில்ல மிதிக்கிற ஆளுக்கு மணிக்கு ஒரு லீற்றர்னு வெச்சாலும் தூரம் ஒண்ணுதான், ஒரு கணக்குல மூணு லீற்றர், இன்னொரு கணக்குல ஒம்பது. அதனால தம்பியோட சைக்கிள்ல எப்பவும் 6, 7 லீற்றர் கொள்ளுற மாதிரி இடம் வேணும், ஃப்ரேம் நடுவுல ஒரு பை, முன் ஃபோர்க்குல ரெண்டு போத்தல், முதுகுல ஒண்ணு. எல்லாத்தையும் எப்பவும் நிரப்பணும்னு இல்ல, ஒரு லீற்றர்னா ஒரு கிலோ, வெறும் பாரத்த இழுத்துக்கிட்டு ஏறுறது முட்டாள்தனம். ஆனா இடம் இருக்கணும்.

இன்னொரு விசயம் இருக்கு, இது நிறையப் பேருக்குத் தெரியாது. அம்பாந்தோட்டை வெயில்ல ஓட்டினா வேர்வை ஊத்தும், கண்ணுல எறங்கும், சட்டை நனையும், ஓகோ நமக்குத் தண்ணி போகுதுன்னு தெரியும். பாலைவனத்துக் காத்து அவ்வளவு காய்ஞ்சது, வேர்வை வந்த ஒடனே ஆவியாப் போயிரும், சட்டை காய்ஞ்சபடியே இருக்கும். வேர்க்கவே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, சாயங்காலம் பாத்தா கறுப்பு சட்டையில வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருக்கும். ஒண்ணுக்குப் போறப்ப நெறம் பாக்கச் சொல்லுங்க, சாயத் தண்ணி நெறத்துல போச்சுன்னா பிந்திட்டான்னு அர்த்தம்.

அடுத்தது, நிறையக் குடிச்சா போதுமான்னு கேட்டீங்களே. போதாது, அது ஆபத்தும் கூட. வெறும் தண்ணிய மட்டும் மணிக்கணக்கா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் கொறஞ்சு போயிரும், தலைவலி, வாந்தி, புத்தி தடுமாற்றம், வலிப்பு வரைக்கும் போகும். கேவலம் என்னன்னா தண்ணி பத்தாத ஆளுக்கும் தலைவலியும் வாந்தியும்தான் வரும், அப்ப பக்கத்துல இருக்குறவன் இன்னும் குடி குடின்னு ஊத்துவான். அதனால உப்பும் சேந்து போகணும். வெளிநாட்டுக்காரன் ஆயிரக்கணக்குல காசு குடுத்து எலக்ட்ரோலைட் டப்லட் வாங்குவான், நான் கொண்டு போனது நம்ம பாமசியில விக்கிற ஜீவனி பாக்கெட்தான், ஒரு பாக்கெட் ஒரு லீற்றருக்கு. அதுவும் தீந்து போனா ஒரு லீற்றர் தண்ணிக்கு மட்டமா ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மீன் டின், உப்புக் கடலை, ஊறுகாய், இதெல்லாமும் மருந்துதான்.

உங்க தம்பி ஓமான்ங்கிறதால இன்னும் ஒண்ணு. வெள்ளிக்கிழமைல ஜும்மா தொழுகைக்கு கடையெல்லாம் சாத்திருவாங்க, சின்ன ஊர்னா பகல் சாய்ஞ்ச பெறகுதான் திறப்பாங்க. நான் ஒரு வெள்ளிக்கிழமை பதினொண்ணரைக்கு ஒரு ஊருக்குள்ள காலிப் போத்தலோட போய்ச் சேந்தேன், மூணு கடை, மூணும் பூட்டு. அப்பத்தான் ஒரு மலையாளி அண்ணன் பள்ளிவாசல் வெளிச் சுவத்தக் காட்டினாரு, அங்க ஒரு கூலர், குளிர்ந்த தண்ணி, யாரு வேணும்னாலும் புடிச்சுக்கலாம். அதுக்குப் பெறகு மெப்ல கடையத் தேடுறத விட்டுட்டு பள்ளிவாசலத் தேட ஆரம்பிச்சேன். ரமழான் மாசமா இருந்தா பகல்ல சாப்பாட்டுக் கடையே கெடையாது, அதையும் பாத்து பிளான் போடச் சொல்லுங்க, ரோட்டுல நின்னு எல்லாரும் பாக்கக் குடிக்கவும் வேணாம்.

கேள்வி: எந்த சைக்கிள், எந்த டயர்? என்கிட்ட இருக்குறது சாதாரண 26 இன்ச் மவுண்டன் பைக். மணல்ல எப்புடி ஓட்டுறது?
– இருவர், அட்டன் / வெலிமடை

பதில்: 26 இன்ச் வச்சே உலகத்தச் சுத்தினவங்க இருக்காங்க, பிரச்சினை சைக்கிள்ல இல்ல. ஆனா டயர்ல கஞ்சத்தனம் பாக்காதீங்க. 2.2 இன்சுக்கு கொறையாம அகலம், டியூப் இல்லாத டியூப்லெஸ், உள்ள ஓட்டைய அடைக்கிற சீலண்ட் தண்ணி. ஏன்னா முள்ளு. அமெரிக்கப் பாலைவனத்துல ஓடுறவங்க கோட்ஹெட் கோட்ஹெட்னு ஒரு முள்ளப் பத்தி பொலம்புவாங்க, என்னடா புது அரக்கன்னு தேடிப் பாத்தா நம்ம நெருஞ்சி! மன்னார்ப் பக்கம் வெறுங்கால்ல நடந்தவங்களுக்கு நான் விளக்க வேணாம். மொராக்கோவுல வேல முள்ளு மாதிரி நீளமா இருக்கும், சாதா டியூப்னா ஒரு நாளைக்கு நாலு தடவ ஒட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். சீலண்ட் வெயிலுக்கு சீக்கிரம் காய்ஞ்சிரும், புறப்படுறதுக்கு முந்தின வாரம் புதுசா ஊத்துங்க. அப்பவும் ரெண்டு டியூப் கையில இருக்கணும்.

மணல் வந்தா காத்தக் கொறைக்கணும். மலை ரோட்டுல 35, 40 பிஎஸ்ஐ வைக்கிறவங்க மணலுக்கு 20 சொச்சத்துக்கு எறக்கிப் பாருங்க, டயர் அகண்டு மிதக்கும். லேசான கியர், சீரான மிதி, ஹேண்டில இறுக்கிப் புடிக்காம, முன் சக்கரம் எங்க போகுதோ அதோட போக விட்டு ஓட்டணும். மொடக்கித் திருப்பினா முன் சக்கரம் பொதைஞ்சு தலைகுப்புற. இவ்வளவும் செஞ்சாலும் ஒரு கட்டத்துல எறங்கித் தள்ளத்தான் வேணும், வெக்கமே இல்ல, ஜெயிக்கிறவனும் தள்ளுறான்.

மணல விட நான் வெறுத்தது கொரகொரப்பு ரோடு. வாகனம் ஓடி ஓடி மண் ரோடு அலை அலையா ஆயிருக்கும், அத எப்புடிச் சொல்றது, லயத்துக் கூரைத் தகரத்தப் பிரிச்சு 40 கிலோமீட்டருக்கு விரிச்சு அதுக்கு மேல ஓட்டச் சொன்ன மாதிரி. ஆணி கழலும், பை கழலும், பல்லு கழலும். உள்ளங்கையில நரம்பு நசுங்கி சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போயிரும், எனக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணரை மாசம் சட்டைப் பொத்தான் போட ஏலாமக் கெடந்தது. ஹேண்டில்ல ரெண்டு சுத்து டேப் கூடப் போடுங்க, கைய அடிக்கடி எடம் மாத்துங்க.

செயினுக்கு ஒரு வார்த்தை. நம்ம மழைக்கு நாம கொழகொழன்னு ஒயில் ஊத்திப் பழகிட்டோம். அத அங்க ஊத்தினா மணல் ஒட்டி செயினே அரமாயிரும், நாலு நாள்ல பல்லெல்லாம் தேஞ்சிரும். மெழுகு மாதிரி காய்ஞ்ச செயின் லூப்ரிகண்ட் போடுங்க, தெனமும் பழைய துணியால தொடைங்க, பல் தேய்க்கிற பிரஷ் ஒண்ணு கொண்டு போங்க.

சைக்கிள தூக்குற பழக்கமும் வேணும். அட்லஸ்ல மொத ராத்திரியே தெலுவெட்னு ஒரு கணவாய் ஏறி அந்தப் பக்கம் எறங்கணும், எறங்குற பாதை கோவேறு கழுதைக்குப் போட்டது, இருட்டுல கல்லுல சைக்கிள இழுத்துக்கிட்டு நடக்கணும். அதுவே பரவாயில்ல, அமெரிக்காவுல அரிசோனா டிரெயில் ரேஸ்னு ஒண்ணு, மெக்சிகோ எல்லையில இருந்து யூட்டா எல்லை வரைக்கும் சுமார் 1,290 கிலோமீட்டர், அதுல கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்க கடக்குறப்ப சக்கரம் தரையில படவே கூடாதுன்னு சட்டம். சைக்கிளக் கழட்டி முதுகுல கட்டிக்கிட்டு 30 கிலோமீட்டருக்கு மேல எறங்கி ஏறணும். அந்தப் படத்தப் பாத்தப்ப எனக்கு ஆச்சரியம் வரல, எங்க அம்மா தலையில கயித்த மாட்டி கொழுந்துக் கூடையோட மலையில ஏறுனதுதான் ஞாபகம் வந்துச்சு, அவங்களுக்கு யாரும் மெடல் குடுக்கல.

கேள்வி: இங்க இருந்துக்கிட்டு பாலைவனத்துக்கு எப்புடிப் பழகுறது? எங்க ஊர்ல குளிரும் மழையும்தான்.
– ஒரு வாசகர், நானுஓயா

பதில்: எறங்குங்க. நம்மளுக்கு உள்ள பெரிய வசதியே அதான். ஹப்புத்தளையில இருந்து பெரகலைக்கு எறங்கி, கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சியத் தாண்டி வெல்லவாய போய்ச் சேந்தா காலையில ஸ்வெட்டர் போட்ட ஆளு பத்து மணிக்கு வெந்துகிட்டு இருப்பாரு. அங்க இருந்து தணமல்வில, அம்பாந்தோட்டைன்னு காய்ஞ்ச ஊரா ஓட்டுங்க. ஆடி மாசம் சரியான நேரம், மேற்குப் பக்க மலையில மழைய எறக்கிட்டு வெறும் காத்தா எறங்கி வரும், மட்டக்களப்புப் பக்கம் கச்சான்னு சொல்லுவாங்களே, அந்தக் காத்துக்கு எதிரா நாலு மணித்தியாலம் மிதிச்சுப் பாத்தா தெரியும். திரும்பி வர்றப்ப பஸ்ல வரக் கூடாது, மிதிச்சு ஏறி வரணும்! இன்னொரு எடம் மன்னார், மணல், முள்ளு, காத்து எல்லாம் ஒரே எடத்துல. புத்தளை – கதிர்காமம் ரோட்டுல மட்டும் விடியக்காலையோ பொழுது சாய்ஞ்சோ போக வேணாம், யானை நிக்கும், அதுகளுக்கு நீங்க ரேஸுக்குப் பழகுறீங்கன்னு தெரியாது.

உடம்பு வெயிலுக்குப் பழக பத்து, பதினாலு நாள் வேணும். தெனமும் ஒரு மணித்தியாலமாவது வெயில்ல ஒழைக்கணும், அப்ப ரத்தத்துல தண்ணி கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல போற உப்பும் கொறையும். ஆனா அந்தப் பழக்கம் மூணு, நாலு வாரத்துல போயிரும், அதனால ஏப்ரல்ல பழகிட்டு டிசம்பர்ல ஓடுறேன்னு சொல்லாதீங்க. வெயில் பழகணும்னு சொன்னேன், தாகம் பழகணும்னு சொல்லல. தண்ணி குடிக்காம இருந்து பழகுறேன்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு, உடம்பு அதுக்கெல்லாம் பழகாது, கிட்னிதான் போகும். நான் சொல்ற பயிற்சி வேற. போத்தல எண்ணிப் பழகுங்க, வெல்லவாயவுல எத்தனை லீற்றரோட புறப்பட்டேன், அம்பாந்தோட்டையில எவ்வளவு மிச்சம், எத்தனை மணித்தியாலம், எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்க. நாலு தடவ எழுதினா உங்க உடம்போட கணக்கு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

கேள்வி: பாலைவனம்னா வெயில்தானே, எதுக்கு ஜெக்கெட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் கொண்டு போறாங்க?
– ஒரு மாணவி, தலவாக்கலை

பதில்: தை, மாசியில நுவரெலியாவுல வானம் மேகமே இல்லாம இருக்குற ராத்திரி புல்லு மேல பனி உறைஞ்சு, விடிஞ்சா உருளைக்கெழங்கு செடி கருகிக் கெடக்கும் பாத்திருப்பீங்க. மேகம் ஒரு போர்வை மாதிரி, அது இல்லாட்டி பகல்ல வாங்குன சூட்ட நெலம் மேல விட்டுரும். பாலைவனத்துல மேகமும் இல்ல, காத்துல ஈரமும் இல்ல. பகல்ல சட்டையக் கழட்டத் தோணும், ராத்திரி ரெண்டு மணிக்கு போத்தல்ல தண்ணி உறையும். அட்லஸ் ரேஸ் பெப்ரவரியிலங்கிறதால கணவாய் மேல சரியான குளிர். நம்ம ஆளுங்க இதுல மட்டும் கொஞ்சம் முன்னுக்கு.

கேள்வி: தூங்காம ஓட்டுவாங்களாமே, உண்மையா?
– மூணு பேர்

பதில்: உண்மை. தென்னாபிரிக்காவுல தி முங்கான்னு ஒரு ரேஸ், கரூ வரண்ட நெலத்துக்குள்ளால சுமார் 1,100 கிலோமீட்டர், 120 மணித்தியாலத்துக்குள்ள முடிக்கணும், அந்தக் கணக்குல எவ்வளவு தூங்கலாம்னு நீங்களே பாத்துக்கங்க. முன்னுக்கு நிக்கிறவங்க ரோட்டோரத்துல பத்து நிமிசம், இருவது நிமிசம்னு படுத்து எந்திரிச்சுப் போவாங்க. நான் ஒரு ராத்திரி முயற்சி பண்ணேன். விடிகாலை நாலு மணி இருக்கும், பொட்டல் காட்டுல ரெண்டு பக்கமும் தேயிலை. ஒழுங்கா கவாத்து வெட்டின தேயிலை, நெரை நெரையா. தூரத்துல காலையில வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்குக் கூப்புடுற சத்தம் கேக்குது, ஐயையோ பிந்திட்டேன் பேர் போட மாட்டாங்கன்னு நான் வேகமா மிதிக்கிறேன். நல்ல வேளை ஒரு கல்லுல முட்டி விழுந்தேன். எந்திரிச்சுப் பாத்தா தேயிலையும் இல்ல ஒண்ணும் இல்ல. அதுக்குப் பெறகு தெனமும் நாலு மணித்தியாலம் கட்டாயம் படுத்தேன்.

கேள்வி: மகன் இதுக்கெல்லாம் போறேங்கிறான், எனக்கு ராத்திரில தூக்கமில்ல. புலி, பாம்பு இருக்குமா? உசுரோட இருக்கானான்னு எப்புடித் தெரியும்?
– ஒரு தாய், இரத்தினபுரி வீதி, பதுளை

பதில்: அக்கா, பாம்பும் தேளும் இருக்கு, சப்பாத்த ஒதறிப் போட்டா போதும். ஓடுற ஒவ்வொருத்தர் மேலயும் ஒரு டிரெக்கர் இருக்கும், அது சட்டலைட்டுக்கு சிக்னல் அனுப்பும், நீங்க வீட்டுல ஃபோன்லயே ஒரு புள்ளியா அவர் நகர்றதப் பாக்கலாம். ஆபத்துன்னா அமுக்குறதுக்கு ஒரு பட்டனும் இருக்கு. ஒரு விசயம், புள்ளி ரெண்டு மணித்தியாலம் நகராம நின்னா உயிர் போச்சுன்னு அழ ஆரம்பிக்காதீங்க, தூங்குவாரு, இல்லாட்டி பெட்டரி தீந்திருக்கும். எங்க வீட்டுல அப்புடி ஒரு நாள் பக்கத்து லயமெல்லாம் கூடி பெரிய ஒப்பாரி ஆயிப் போச்சு, நான் அங்க ஒம்லெட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

மகன்கிட்ட நீங்க கேட்டு வாங்க வேண்டிய சத்தியம் ரெண்டு. ஒண்ணு, வெயில்ல தல சுத்தி, பேச்சு கொளறி, எங்க இருக்கோம்னே தடுமாறினா அது அலுப்பு இல்ல, உடம்புச் சூடு 40 பாகையத் தாண்டிருச்சுன்னு எடுத்துக்கிட்டு ஒடனே நெழல், தண்ணிய மேல ஊத்தி, அந்தப் பட்டன அமுக்கணும். ரெண்டாவது வாகனம். மைக் ஹோல்னு ஒரு ஆங்கிலேயர், இந்த வகை ரேஸுக்கே பெரிய பேர், 2017ல அவுஸ்திரேலியாவுல ஃப்ரீமான்டில்ல இருந்து சிட்னி வரைக்கும் சுமார் 5,500 கிலோமீட்டர் ரேஸ் ஓடினாரு. நல்லாபோர் வெட்டவெளி முழுக்கக் கடந்து வந்தாச்சு, ஒண்ணும் ஆகல. மார்ச் 31 விடியக்காலை கன்பரா பக்கத்துல ரோட்டுல கார் அடிச்சு செத்துப் போனாரு. உங்கள பயமுறுத்தணும்னு இதச் சொல்லல அக்கா, பாம்புக்குப் பயப்படுற பயத்த பின் லைட்டுக்கும் ரிஃப்லெக்டர் ஜெக்கெட்டுக்கும் மாத்துங்கன்னுதான் சொல்றேன்.

கேள்வி: சாப்பாடு? நம்ம ரொட்டி, சம்பல் கொண்டு போகலாமா? அங்க தேத்தண்ணி கெடைக்குமா?
– ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: ரொட்டி ரெண்டு நாளைக்குத் தாங்கும், தேங்காய்ச் சம்பல் மத்தியானமே புளிச்சிரும், கட்டச் சம்பலா கொண்டு போங்க. அதுக்கப்புறம் கடையில கெடைக்கிறதுதான், மொராக்கோவுல வட்டமா ஒரு பாண், மீன் டின், முக்கோணச் சீஸ், பேரீச்சம்பழம், ஒம்லெட். எட்டு நாளும் அதே. தேத்தண்ணி எல்லா எடத்துலயும் கெடைக்கும், புதினா போட்டு, சீனிய அள்ளிக் கொட்டி, உயரத்துல இருந்து ஊத்துவாங்க. தேயிலை மட்டும் நம்மது இல்ல, சீனத்துப் பச்சைத் தேயிலை. நான் இலங்கை, தேயிலை மலையில இருந்து வர்றேன்னு ஒரு கடைக்காரர்கிட்ட பெருமையா சொன்னேன், அவரு பாவமா பாத்துட்டு இன்னொரு கட்டி சீனி போட்டாரு.

கேள்வி: உக்கார்ற எடத்துல புண்ணு வருமே, அதுக்கு?
– பேர் போட வேணாம்னவர்

பதில்: பேட் வெச்ச காற்சட்டை, அதுக்குள்ள வேற உள்ளாடை போடக் கூடாது. புறப்படுறதுக்கு முன்னால கிறீம் தடவுங்க, ராத்திரில கழுவி, காய வெச்சு, காத்துப் பட விடுங்க. சீட்டு பழைய சீட்டா இருக்கணும், ரேஸுக்குன்னு புதுசு மாத்தினா நாசம். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டவங்கதான் பாதியில நிப்பாங்க.

கேள்வி: தோட்டத்துல நாள் சம்பளத்துக்கே போராட்டம் நடக்குது, இந்த நேரத்துல லட்சக்கணக்குல செலவு பண்ணி பாலைவனத்துல சைக்கிள் ஓட்டுறதப் பத்தி எழுதுறது உங்களுக்கே நியாயமா படுதா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: பாதி நியாயமா படல. எனக்கு வெளிநாட்டுச் சம்பளம் இருந்துச்சு, அது இல்லாட்டி நானும் போயிருக்க மாட்டேன். விசா, டிக்கட், சைக்கிள் பொக்ஸுக்கு எயார்லைன்காரன் வாங்குற காசு, எல்லாம் சேந்தா பெரிய தொகை, அம்மாவோட நகைய அடகு வெச்சுப் போறேன்னு இந்த மாசமும் ஒருத்தர் எழுதியிருக்காரு, அவருக்கு என் பதில் வேணாம்ங்கிறதுதான். அதே நேரம் வெள்ளைக்காரன் நம்ம மலையில வந்து சைக்கிள் ஓட்டுறப்ப நாம ரோட்டோரத்துல நின்னு கை காட்டணும், நம்ம புள்ளைங்க அவன் ஊருக்குப் போய் ஓட ஆசப்பட்டா அது ஆடம்பரம்னு சொல்றதும் எனக்கு ஒத்துக்கல. இது ரெண்டையும் நான் ஒண்ணாத்தான் வெச்சிருக்கேன், தீர்வு எதுவும் என்கிட்ட இல்ல.

கேள்வி: எல்லாத்தையும் சொல்றீங்க, நீங்க ஏன் முடிக்கல?
– கிட்டத்தட்ட எல்லாரும்

பதில்: சரி சொல்லிர்றேன். கால் போகல, சைக்கிள் ஒடையல. அஞ்சாவது நாள் காலையில ஒரு சின்ன ஊரு, கடை திறந்திருக்கு, தண்ணி அடுக்கி வெச்சிருக்கான். என்கிட்ட ரெண்டு லீற்றர் இருக்கு. ஜீபிஎஸ்ஸப் பாக்குறேன், 25 கிலோமீட்டர் தள்ளி நீலக் கோடு ஒண்ணு வழிய வெட்டிக்கிட்டு ஓடுது, ஆறு! சரி அங்க புடிச்சுக்கலாம், பாரம் எதுக்குன்னு கடையத் தாண்டிப் போய்ட்டேன். மஸ்கட்ல அவ்வளவு பட்ட பெறகும், தூக்கம் கெட்ட மண்டைக்கு ஞாபகம் வந்தது பீலிதான், முன்னுக்கு எப்புடியும் ஒண்ணு இருக்கும்ங்கிற நம்பிக்கை.

நீலக் கோட்டுக்குப் போய்ச் சேந்தா வெறும் கூழாங்கல்லு. அங்க ஊவெட்னு சொல்லுவாங்க, மழை பெஞ்சா மட்டும் வெள்ளம் ஓடுற காஞ்ச ஆறு, மெப்ல அதுக்கும் நீலக் கலர்தான். மத்தியானம் ஆயிருச்சு, அதுக்கு மேல ஏழு கிலோமீட்டர் அந்த ஆத்துப் படுக்கையிலயே தள்ளிக்கிட்டுப் போகணும். ரெண்டு மணித்தியாலத்துல தண்ணி முடிஞ்சது, அதுக்குப் பெறகு வாந்தி, கால் ரெண்டும் புடிச்சு இழுக்குது, ஒரு பாறை நெழல்ல உக்காந்துட்டேன். பட்டன அமுக்கலாமான்னு கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன், அப்பத்தான் செம்மறியாடு ஏத்தின ஒரு சின்ன லொறி அந்தப் பக்கமா வந்துச்சு. வயசான மனுசர், ஒரு வார்த்தை கேக்கல, தண்ணி கேன எடுத்து கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் குடுத்தாரு, சைக்கிள ஆடுகளுக்கு நடுவுல போட்டாரு. லொறியில ஏறின நிமிசமே ரேஸ் முடிஞ்சது, அது எனக்குத் தெரிஞ்சுதான் ஏறினேன், டவுன் வந்ததும் ஸ்க்ராட்ச், அதாவது ரேஸ விட்டுட்டேன்னு மெசேஜ் அனுப்பிட்டேன்.

எறங்குறப்ப காசு நீட்டினேன், வாங்கவே மாட்டேன்னுட்டாரு. ஆனா என் தலையில கட்டியிருந்த லைட்ட விரலால காட்டி, ஆட்டப் பாத்து, இருட்டப் பாத்து, ஏதோ சொன்னாரு. கழட்டிக் குடுத்தேன், ஒடனே தலையில மாட்டி பகல்லயே போட்டுப் பாத்தாரு. நல்ல லைட்டு அது, இன்னும் அந்த மாதிரி ஒண்ணு நான் வாங்கல.